சந்தை நாளில் கூட்டிய கூட்டம்

பாய்,

இன்று காலை கதவைத் திறந்ததும் உங்கள் கடை வாசம் வந்தது. புது நார்க்கயிற்றின் அந்தக் காரமான வாசம். ஒரு கணம் நீங்களே வந்து நிற்கிறீர்களோ என்று நினைத்துவிட்டேன். பார்த்தால், என் வீட்டு கேட்டில் ஒரு செவலைப் பசு புதுக் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கிழக்குத் தெருப் பெண்கள், காலிக் குடங்களோடு. அவர்கள் தெருக் குழாய் உடைந்து கிடக்கிறது. நானும் இதோ அதோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் பஞ்சாயத்து மெம்பர் வீட்டு முன்னால் போராட்டம். மெம்பர் நான்தான். நீங்கள் இருந்திருந்தால் கல்லாப்பெட்டி மேல் கவிழ்ந்து சிரித்திருப்பீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. மாட்டைக் கொண்டுபோய்க் கட்டுகிற வித்தையை இந்தப் பக்கத்தில் ஆரம்பித்து வைத்தது யார்? நாம் இரண்டு பேரும்தானே.

அந்த வருடம் ரெண்டாம் போக நெல் பால் பிடித்து நின்றது. ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல். மேலே தோட்டக்காரர்கள் வாய்க்காலிலேயே மோட்டாரை இறக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் எங்கள் வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. நான் புதிதாகச் சேர்த்த கடைமடைச் சங்கத்துக்குத் தலைவி. ஊர்வலம் என்றால் ஆள் வேண்டும், ஆள் எங்கே இருக்கும், வேலந்தாவளம் சந்தையில் இருக்கும். இப்படி யோசித்து, மாட்டுச் சந்தை நாளாகப் பார்த்து வாய்க்கால் ஆபீசுக்கு ஊர்வலம் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்துப் பேர்கூட வரவில்லை. தொண்டை கட்டும் வரை மைக்கில் கத்தினேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த எஞ்சினியர், ஆளுக்கு ஒரு சாயா கொடுத்தனுப்பினார். குடித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேராகச் சந்தையில் இருந்த உங்கள் கயிற்றுக் கடைக்கு வந்து மைக்கைத் தொப்பென்று போட்டேன். நீங்கள் தலைக்கயிறு முடிந்துகொண்டே கேட்டீர்கள்:

"ஏனுங்க அம்மணி, கையில மாட்டப் புடிச்சிருக்கறவன் எந்தக் கையத் தூக்கிக் கோஷம் போடுவானுங்க?"

"அப்ப இனி ஆளே வராதுங்களா பாய்?"

"ஆளெல்லாம் இங்கதானுங்க இருக்குது. மாட்டோட இருக்குது. சந்தை கலைஞ்சா அத்தனையும் அந்த ஆபீஸ்வழியாத்தானே போகோணும்? போறப்ப மாட்டுக்குத் தாகம் எடுக்காதுங்களா?"

அன்று மத்தியானம் முழுக்கக் கயிறு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னீர்கள். போராட்டம் என்றோ உரிமை என்றோ ஒரு வார்த்தை இல்லை. 'போற வழியில ஆபீஸ் தொட்டியில தண்ணி காட்டிட்டுப் போங்க.' அவ்வளவுதான். என் நோட்டீசுக்கு அசையாத ஊர் உங்கள் வாய்ச்சொல்லுக்கு அசைந்தது. உங்களிடம் வாங்கிய கயிறு ஒருநாளும் அறுந்ததில்லை. வார்த்தையும் அறுந்துபோகாது என்று நம்பினார்கள். அதுவும் ஒரு பலம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கூட்டம் என்றால் தலைகளை எண்ணுவது என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆபீஸ் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் கொம்பும் வாலும் சாணியும். எஞ்சினியரின் ஜீப்புக்குப் பின்னால் ஓர் எருமை சாவகாசமாகப் படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை. 'வாய்க்கால்ல தண்ணி இல்லீங்க, அதான் இங்க வந்தோம்' என்று மட்டும் ஆளுக்கு ஆள் பணிவாகச் சொன்னார்கள். எஞ்சினியரே கீழே இறங்கி வந்து, நாளைக்குத் தண்ணீர் விடுகிறேன் என்றார். நீங்கள் மட்டும் கடையை விட்டு அசையவில்லை. ஊர்வலம் வந்தாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிற பயந்தாங்கொள்ளி நீங்கள். அதை நீங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாள் நின்றது. மேலே மறுபடியும் மோட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. தோட்டக்காரர்களில் பெரியவர்தான் பால் சொசைட்டிக்கும் தலைவர். சொசைட்டிக்கு வருகிற பாலோ பெரும்பாலும் எங்கள் கடைமடைப் பெண்கள் கறந்து ஊற்றுகிற பால். நாளையிலிருந்து ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று குதித்தேன்.

"நிறுத்திப்போட்டீங்கன்னா அப்பறம் கையில என்னங்க இருக்கும்?" என்றீர்கள். "நம்ம பொம்பளைங்க நாலு நாளு தாங்குவாங்களா? நிறுத்த முடியும்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க."

கருமித்தனமான யோசனை என்று திட்டினேன். ஆனாலும் செய்தேன். மறுநாள் விடிகாலை எல்லாப் பெண்களும் வழக்கம்போல வரிசையில் நின்றோம், கேன் மூடியைத் திறக்காமல். பால் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சொசைட்டித் தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போனோம். அன்று சாயங்காலம் அவர் தானாகவே உங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் தண்ணீர் முறை நாளில் மோட்டார் ஓடாது, மதகடியில் மேல்மடை ஆள் ஒருவர் கடைமடை ஆள் ஒருவர் காவல் என்று உங்கள் கடை பெஞ்சிலேயே பேசி முடிந்தது. நெல் விளைந்தது. அந்த நெல்லின் முதல் அரிசி உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. உங்கள் வீட்டம்மா அதைப் பிரியாணியாக்கி எனக்கே திருப்பி அனுப்பினார்.

அதன்பிறகுதான் கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள், தேர்தலில் நில்லுங்கள் என்று. நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

"நீங்க உள்ள போயிட்டா, வெளிய யாருங்க நிப்பாங்க?"

நம் சண்டைகளிலேயே பெரியது அதுதான். உள்ளே போனால்தானே ரோடும் பைப்பும் வரும் என்று நான் கத்தினேன். கயிறு வாங்குவதற்குக்கூட வேறு கடைக்குப் போனேன். ஆனால் ஓட்டுப் பெட்டி திறந்து நான் ஜெயித்த அன்று பள்ளிக்கூட வாசலில் லட்டுப் பெட்டியோடு நின்றதும் நீங்கள்தான். ரோடு வந்தது, பைப்பும் வந்தது. நான் சொன்னதும் சரி. ஆனால் மெம்பர் இருக்கிறாளே என்று சங்கத்தில் கூட்டம் போடுவதை விட்டுவிட்டார்கள். நீங்கள் சொன்னதும் சரி. போன வருடம் உங்களை அடக்கம் செய்த அன்று மேல்மடையும் கடைமடையும் ஒன்றாக வந்து நின்றன. உங்களிடம் இதை ஒப்புக்கொள்ளாமல் போனேனே என்று அப்போது அழுதேன்.

இன்று காலைக்கு வருகிறேன். கேட்டில் பசுவைப் பார்த்ததும் வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்தார். "நீ வெளிய போகாத. ஆளுக்கொரு சாயாவப் போட்டுக் குடுத்து அனுப்பிச்சுடலாம்" என்று அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். சாயாவுக்கு வைத்த பால் கொதிக்கிற சத்தத்தில் எனக்கு அந்த எஞ்சினியர் முகம் ஞாபகம் வந்தது, பாய். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். முதலில் பசுவுக்கு ஒரு வாளித் தண்ணீர் காட்டினேன். பிறகு அவர்கள் முன்னாலேயே பைப் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, ஆள் புறப்படும் வரை போனை வைக்கவில்லை. பெண்கள் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள்.

"அவுக்காதீங்க" என்றேன். "தண்ணி வர்ற வரைக்கும் மாடு இங்கயே நிக்கட்டும். வந்ததுக்கப்பறமும் கூட்டத்தக் கலைச்சுப்போடாதீங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏனுங்க மெம்பரக்கா, இதுல ஏதாச்சும் சூது இருக்குதுங்களா?" என்றாள் ஒருத்தி.

சாயங்காலமாகியும் பைப் வேலை முடியவில்லை. பசு இன்னும் கேட்டில்தான் நிற்கிறது. இப்போதுதான் ஒரு கட்டுப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனக்கு எதிரான போராட்டத்துக்கு நானே தீவனம் போடுகிறேன், சிரியுங்கள்.

வெளியே யார் நிற்பார்கள் என்று கேட்டீர்களே. நிற்கிறார்கள், பாய்.