காஹாங் ஸ்லைடில் நீ கண்டது

என் செல்லத் தங்கச்சி ஹசீனா,

நம் கட்டுரையை அந்த ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒட்டுண்ணிகளையும் அவை குடியிருக்கும் உயிர்களையும் பற்றி மட்டுமே எழுதும் அந்த இதழில் நம் பெயர் வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாய்! குளுவாங்கில் இருக்கும் உங்கள் டீக்கடைக்குப் போய் உன் அத்தாவிடம் சொன்னேன். எனக்கு நுரை பொங்க ஒரு தே தாரிக் ஆற்றி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கண் சிவந்துதான் திரும்பி வந்தார்.

லேசில் கிடைக்கவில்லை, கேள். ஒரே இரத்த ஸ்லைடை நீ தனியாக, நான் தனியாகப் பார்ப்பதுதானே நம் வழக்கம்? யாருடைய இரத்தம் என்று தெரியாது. முடிவு வேறுபட்டால் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து சண்டை போடுவோம். காஹாங் காட்டோரச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் ஸ்லைடில் நீ குரங்கு மலேரியா என்றாய். நான் மனித மலேரியா என்றேன். அந்தச் சண்டை முடிவதற்குள் உன்னை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே படுத்துக்கொண்டாவது சும்மா இருந்தாயா?

“அக்கா, நீங்க பெரியவங்கன்னு மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது லா. இன்னொரு தடவ பாருங்க” என்றாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு ஆய்விதழிலிருந்து கேட்டார்கள், அந்த ஸ்லைடுக்கு யார் முடிவை எடுத்துக்கொள்வது என்று. நம் ஆய்வுக்கூடத் தலைவர் சுலபமாக வழி சொன்னார். தொழிலாளி வெளிநாட்டுக்காரர், நோயை அங்கிருந்தே கொண்டு வந்திருப்பார், இருப்பவர் சொன்னதைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார். இருப்பவள் நான்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வரமுடியாதவளை ஜெயிப்பது என்ன பெருமை? நீ சொன்னது சரியென்றால், இந்தக் காட்டுக் குரங்கைக் கடித்த கொசுவால் அவருக்கு நோய் இங்கேயே தொற்றியிருக்கிறது. அதே காட்டோரம் வேலை செய்யும் மற்றவர்களை யார் கவனிப்பது?

மீதமிருந்த இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். நான் சொன்னதுதான் சரி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உன்னை முறைப்படி தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிவு வந்தது. குரங்கு மலேரியா.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பார்க்கச் சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான். அந்தத் தொழிலாளி குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டார். தோட்டத்தில் மற்றவர்களுக்கும் இப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கட்டுரையில் உன் முடிவே நிற்கிறது, முதல் பெயரும் உன்னுடையதுதான்.

நேற்று அந்த ஸ்லைடை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இப்போதும் என் கண்ணுக்கு அது மனித மலேரியாவாகத்தான் தெரிகிறது. உனக்கு மட்டும் எப்படியடி தெரிந்தது?

இனி உன் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், அவர் எனக்கு எதிராகச் சொன்னாலும், ஆள் இல்லை என்பதற்காக அவர் சொன்னதை அடித்துவிட நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்ற அக்கா,
கோமதி