மும்தாஜ் கேட்ட கேள்வி

ஐப்பசி, ஞாயிறு

ஆவடி வாசகர் வட்டத்தில் இன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சீன எழுத்தாளரைப் பற்றிப் பேசினேன். அரசனின் கோபத்தால் ஆண்மையையே இழக்கும் தண்டனை பெற்றவர். மானம் போன பிறகும் அவர் உயிரை விடவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரலாறு பாதியில் நின்றுவிடுமே என்று உயிரோடு இருந்தார். என்றாவது படிக்க ஆள் வரும் என்று நம்பினார்.

சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. என் நாவலின் முதல் ஆறு அத்தியாயங்களை மூன்றாவது பதிப்பகமும் வேண்டாம் என்றுவிட்டது. இனி எழுதுவதில்லை என்று புதன்கிழமை முடிவு செய்தேன். அது மும்தாஜுக்கு மட்டும்தான் தெரியும். அம்பத்தூர் கம்பெனியில் என்னோடு வேலை செய்பவள்.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். "அந்தாளு உசுரோட இருக்கசொல்ல அவரு புக்க யாருனா படிச்சாங்களாக்கா?"

"அதிகம் பேர் இல்ல."

"அப்பயும் எழுதிகினுதான இருந்தாரு? உனக்கு இன்னா அவசரம்? நான் ஒருத்தி படிச்சிகினுதான கீறேன். உன் கதையில வர்ற அந்தப் பொண்ணு ஊட்ட உட்டுப் போனாளா இல்லியா, அத சொல்லு மொதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் போவாளா மாட்டாளா என்று நானே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பேருந்தில் வரும்போதும் அதையே யோசித்தேன்.

சாப்பிட்டதும் மூன்று பக்கம் எழுதினேன். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள். மழையில், மாற்றுப்புடவைகூட இல்லாமல்.

பதிப்பகக் கடிதத்தை என் கணவரிடம் இன்னும் காட்டவில்லை. காட்ட வேண்டும். கை வலிக்கிறது. ஆனாலும் அவள் எந்த ரயிலில் ஏறுவாள் என்று எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.