இருபத்தெட்டாம் பகுதிக்கு அப்புறம்

அமராவதிபுதூர்
27.04.2025

மாட்சிமை தங்கிய அக்கா சத்தியப்பிரியா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடி, ரெண்டு வருஷத் தலைமறைவு வாழ்க்கைக்குப் பிறகு, அரிசி டிரம்முக்குள் பிடிபட்டது. பிடித்தவர் அம்மா. தொலைத்தவர் தாங்கள். இதுவரை கடமையாற்றிய ரப்பர் பேண்டுக்கு முழு அரசு மரியாதையுடன் விடை கொடுக்கப்பட்டது.

இதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். மச்சான் எடுத்தாக. "பிரியா வேலையா இருக்கா"ன்னாக. மறுநாளும் வேலை. அதுக்கு மறுநாளும் வேலை. கல்யாணமாகிப் போனியா, ராக்கெட் விடப் போனியா? அதான் கடுதாசியில இறங்கிட்டேன். ப்ளஸ் டூ பரீட்சைக்குக் கடிதம் எழுதிப் பழகுறேன்னு சொன்னதும் அப்பா கேள்வி கேக்காம ஸ்டாம்ப் வாங்கிக் குடுத்துட்டாரு.

இனி முக்கியச் செய்தி. 'பனி அரண்மனை' சீன நாடகத்தை நாம ரெண்டு பேரும் உன் போன்ல இருபத்தெட்டாம் பகுதியில நிறுத்தினோம். மறுநாள் பந்தக்கால் ஊன்ற ஆள் வந்துட்டாக. மிச்சம் பன்னிரண்டையும் நான் அம்மா போன்ல மூணே நாள்ல முடிச்சுட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. நீயா இருந்தா ரெண்டு துண்டு நனைஞ்சிருக்கும்.

மொத்தத்துல என் தீர்ப்பு: சீனாக்காரன் சீன் போடுறதுக்குன்னே பொறந்தவன். நம்ம கதாநாயகி கொண்டைக்காரி சமதரையில கால் இடறுறா. அவளைப் புடிச்சு அவன் மூணு சுத்து சுத்துறான், எங்கிருந்தோ பூ கொட்டுது. நம்ம காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி இடறினா கண்டக்டர் "சில்லறையா வச்சிருக்கியாம்மா"ன்னு கேப்பாரு, அவ்வளவுதான். உன் ஆளு ஐஸ்பெட்டியாரோ (இளவரசனுக்கு நீ வச்ச பேருதான், மறந்துறாத) இருபத்தெட்டுப் பகுதியில ஒரே ஒரு தடவை சிரிச்சான். அதுவும் விக்கலா இருக்கும்னு எனக்குச் சந்தேகம். அவன் அவ கையைப் புடிச்சு அரண்மனை நெடுக இழுத்துட்டுப் போற சீனை எத்தனை தடவை பின்னாடி தள்ளித் தள்ளிப் பார்த்த! "காதல்னா இதுடா"ன்னு வேற சொன்ன.

முடிவைத் தெரிஞ்சுக்க ஆசையா? கெஞ்சி ஒரு விண்ணப்பம் போடு. பரிசீலிக்கப்படும்.

உன் ஒரே தம்பியும் ஓசி விமர்சகனுமான
சிவபிரகாஷ்


திருப்பத்தூர்
14.05.2025

அன்புத் தம்பி சிவாவுக்கு,

அக்கா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? அம்மாவை வெயில்ல கடைக்கு விடாத, நீ போ.

உன் கடுதாசியை மச்சான்தான் பிரிச்சுப் படிச்சாக. "உன் தம்பிக்கு ஒரு மரை கழண்டிருக்கு"ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம் எங்கிட்டக் குடுத்தாக. இதையும் படிச்சுட்டு அவுகளே தபால்ல போடுறேன்னுருக்காக. அவுகளுக்கும் சீன நாடகம் பொழுதுபோக்கா ஆயிருச்சு. அதனால வீட்டுக் கதையெல்லாம் எழுதி அவுகளை அலுக்க வைக்காத. நாடகத்தை மட்டும் எழுது. நானும் அதை மட்டும் எழுதுறேன்.

என் போன் மச்சான்கிட்ட இருக்கு. புதுப்பொண்ணு போனும் கையுமா இருந்தா அத்தைக்குப் புடிக்காது. அது நல்லதுதான், கண்ணு கெடாது.

கொண்டைக்காரியைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம். அரண்மனைக்குள்ள வந்தப்புறம் அவ உக்காந்து சாப்பிடுற மாதிரி ஒரு சீன்கூட இல்லையே, ஏன்? ஊட்டி விடுறான், விஷம் வைக்கிறாக, பாயசத்தைத் தட்டி விடுறாக. அவ பாட்டுக்குச் சாப்பிட்டுக் கைகழுவினதா எங்கயும் காட்டலை. இங்க கூடத்துல ஆத்தங்குடிக் கல்லு பாவியிருக்கு. துடைச்சா முகம் தெரியுது. காலையில ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி என்னைப் பார்த்துக்கிறேன்.

விண்ணப்பம் போடச் சொன்னியே, இதான் விண்ணப்பம். இருபத்தொன்பதுல இருந்து சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு.

அக்கா
பிரியா


அமராவதிபுதூர்
05.06.2025

விண்ணப்பதாரர் அக்காவுக்கு,

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கட்டணமா நீ ஒளிச்சு வச்சிருந்த நெயில் பாலிஷ் பறிமுதல். அதை வச்சு எங்க வாத்தியார் சரவணகுமார் சார் பைக்கோட ரெண்டு கண்ணாடிக்கும் சிவப்பு அடிச்சுட்டேன். திரும்பிப் பார்க்கிறப்பல்லாம் ஊரே தீப்பிடிச்ச மாதிரி தெரியுதாம். குற்றவாளியை இன்னும் தேடுறாக. தேடுற குழுவுக்கு நான்தான் தலைவர்.

இருபத்தொன்பது: கொண்டைக்காரிக்கு இளவரசிப் பட்டம் கட்டுறாக. பட்டம்னா என்னன்னு நினைச்ச? காத்துல ஏத்துறது. நூலு அடுத்தவன் கையில. மகாராணிக் கிழவி "சிரிக்கும்போது பல் தெரியுது"ன்னு ஒரு குத்தம், "அழும்போது சத்தம் வருது"ன்னு ஒரு குத்தம். ஐஸ்பெட்டியார் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுச் சுவரைப் பார்த்து நிக்கிறான். வழக்கமான நடிப்புதான், ஆனா இந்த இடத்துல பொருத்தமா இருந்துச்சு.

முப்பது: பாதிக்கு மேல பழைய சீனையே திருப்பிப் போட்டு நேரத்தை ஓட்டிட்டான். தமிழ்ல குரல் குடுக்கிறவரு இளவரசனுக்கும் அவரே, சமையக்காரனுக்கும் அவரே. "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே"ன்னு யாராச்சும் கேட்டா, கேக்குறது புருஷனா சமையக்காரனான்னு அவளுக்கே தெரியலை.

முப்பத்தொண்ணு: இங்கதான் கதை சூடு பிடிக்குது. கொண்டைக்காரிக்கு ஒரு தம்பி இருக்கான்! எல்லையில ஒரு கோட்டைக்குத் தளபதி. ஆள் ஒல்லி, ஆனா அழகன். அக்கா கடுதாசியில எழுதாம விட்ட விஷயத்தையெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்குற அளவுக்குப் புத்திசாலி. குதிரைக்குச் சேணம் போடுடான்னு சொல்லிட்டான்.

மச்சானுக்கு என் வணக்கம். சிரிச்சீகளா மச்சான்?

தளபதியின் ரசிகன்
சிவபிரகாஷ்


திருப்பத்தூர்
26.06.2025

அன்புள்ள சிவா,

ரெண்டு பேரும் சிரிச்சோம்.

நாம பார்த்த வரைக்கும் அவளுக்குத் தம்பி இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. பரவாயில்ல, வந்தவரைக்கும் நல்லது.

அந்தக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போற சீனைப் பத்தி நான் என் கருத்தை மாத்திக்கிட்டேன். அந்த நடிகை கையில வளையலே இல்ல, கவனிச்சியா? முழங்கை வரைக்கும் பட்டுத்துணி. கண்ணாடி வளையல் போட்ட கையை அப்படிப் புடிச்சா என்ன ஆகும்னு அந்த டைரக்டருக்குத் தெரிஞ்சிருக்காது. பின்னாடி பாட்டு வேற போட்டுட்டான். அந்தச் சத்தத்துல அவளுக்கு வலிச்சுச்சான்னு நமக்குக் கேக்கவே இல்ல. நான் வேற பின்னாடி தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

நான் இப்ப பிளாஸ்டிக் வளையல்தான் போடுறேன். பாத்திரம் கழுவ வசதி.

தம்பி வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போவான்னு தெரியுது. எல்லாக் கதையிலயும் கூட்டிட்டுத்தான் போவாக. போனப்புறம் திருப்பி அனுப்புவானா, மாட்டானா? எனக்கு அதை மட்டும் எழுதுடா. மத்த கதை அப்புறம்.

பிரியா


அமராவதிபுதூர்
08.07.2025

அக்காவுக்கு,

உன் கடுதாசியைக் கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சு வகுப்புல படிச்சேன். சரவணகுமார் சார் "என்னடா முகம் இப்படி இருக்கு"ன்னாரு. கணக்கு வரலை சார்னேன். என் வரலாற்றுல முதல் தடவையா நம்பினாரு.

முப்பத்தஞ்சாம் பகுதி. கவனமாப் படி.

தளபதி அக்காவைக் குதிரையில ஏத்திக் கோட்டைக்குக் கொண்டுவந்துட்டான். ஒரு மாசம் கழிச்சு ஐஸ்பெட்டியார் பல்லக்கோட வந்து நிக்கிறான். அக்காளோட அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் "போயிட்டு வாம்மா"ங்குறாக. தம்பி ஓடி வந்து வாசல்ல குறுக்க நிக்கிறான். கதவு நிலையில ரெண்டு பக்கமும் கை. "எங்க அக்கா வரமாட்டா. வேணும்னா என்னைத் தாண்டிப் போங்க"ங்குறான். பின்னாடி பாட்டு கிடையாது. மூணு சுத்து கிடையாது. பூ கிடையாது. ஐஸ்பெட்டியார் பார்க்கிறான், பார்க்கிறான், பல்லக்கைத் திருப்பிட்டுப் போயிர்றான். அவ்வளவுதான். அனுப்பலை. எழுதி வச்சுக்க, அனுப்பலை.

மத்தபடி தலையாடிக்கு உன்னை அழைக்க அப்பா, அம்மா, நான் மூணு பேரும் பதினஞ்சாம் தேதி வர்றோம். கல்யாணமான பொண்ணு முதல் ஆடியில புருஷன் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு எந்தப் புண்ணியவான் வச்சானோ, அவனுக்குச் சிலை வைக்கணும். உன் பையைப் பெருசாவே கட்டு. ஆடிக்காத்து அம்மியையே தூக்குமாம், பை கனமா இருக்கட்டும்.

குதிரை ரெடி.
சிவபிரகாஷ்


திருப்பத்தூர்
24.08.2025

பேரன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

சத்தியப்பிரியா எழுதிக்கொண்டது. நான் இங்கு சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கு அனைவரும் என்னை மிகவும் அன்பாக நடத்துகிறார்கள். ஆடி மாதத்தில் நான் விவரமில்லாமல் ஏதேதோ சொல்லி உங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு மன்னிக்கவும். அவற்றை யாரிடமும் சொல்ல வேண்டாம். தம்பி வீணான நாடகக் கதைகளை இனி எழுதாமல் பாடங்களைப் படிக்கும்படி சொல்லவும்.

இப்படிக்கு
ச. சத்தியப்பிரியா


அமராவதிபுதூர்
02.09.2025

அக்கா,

இது ஸ்டாம்ப் ஒட்டாத கடுதாசி. உன்கூடப் படிச்சு உங்க தெருவுக்கே வாக்கப்பட்டுப் போன ரேணுகாக்கா ஒரு கல்யாணத்துக்காக இங்க வந்திருக்கு. அதுகிட்டக் குடுத்து விடுறேன். மச்சான் கண்ணுல படாது. படிச்சதும் அடுப்புல போட்டுரு.

நீ அப்பாவுக்கு எழுதினது வந்துச்சு. அப்பா கூடத்துல உக்காந்து சத்தமாப் படிச்சாரு. "பாத்தியா, சரியாப் போச்சு. முதல் வருஷம் எல்லா வீட்டுலயும் இப்படித்தான்"னு மடிச்சு வச்சாரு. ஆனா அம்மாவுக்குத் தெரியும். ஆடி ரெண்டாம் நாள் அடுப்படியில நீ முழங்கையைக் காட்டினப்ப நான் தண்ணி குடிக்க வந்தேன். அம்மா பார்த்தாக. பார்த்துட்டு உன் முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டாக. மருந்து போடுவாகன்னு நினைச்சுக்கிட்டு நான் நின்னேன்.

அப்புறம் கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டே நீ எங்கிட்டக் கேட்ட. "டேய், வாசல்ல நிப்பியாடா?"

"நிப்பேன். நீ பாரு"ன்னேன். கையை மடக்கித் தசையெல்லாம் காட்டினேன். இல்லாத தசை.

நின்னேன்தான். ஆவணி பொறந்த அன்னைக்கு மச்சான் கார்ல வந்து, நாட்டுக்கோழிக் குழம்பை ரெண்டு தடவை ஊத்தச் சொல்லிச் சாப்பிட்டு, இலையை மூடி எந்திரிக்கிற வரைக்கும் நான் வாசல்லதான் நின்னேன். நிலையில கை வச்சிருந்தேன். நீ பார்த்த.

மச்சான் வந்து தோள்ல கை போட்டாக. "என்ன மாப்ள, காவலா?"

நான் வசனம் எல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்.

"ப்ளஸ் டூ படிக்கிறீக, கையில ஒரு போன் இல்லாட்டி எப்படி?"ன்னு சட்டைப்பையில இருந்து எடுத்தாக. உன் போன். பின்னாடி நீ ஒட்டின பூனை ஸ்டிக்கரோட. "உங்கக்காளுக்கு இனி இது எதுக்கு? நேரமே இல்லையே அவளுக்கு. நீங்க வச்சுக்கங்க."

வாங்கறதுக்கு நிலையில இருந்து கையை எடுத்தேன். எடுத்தேனா, மச்சான் உன்னைக் கூட்டிட்டு வெளிய போக வழியாயிருச்சு. "தேங்க்ஸ் மச்சான்"னு வேற சொன்னேன். நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லுச்சு. "அந்தப் பையைக் கொஞ்சம் டிக்கியில வைங்க மாப்ள"ன்னாக. வச்சேன். நான் கனமாக் கட்டச் சொன்ன அதே பை. நீ கார்ல ஏறும்போது என் மூஞ்சியைப் பார்க்கலை. என் கையில இருந்த போனைப் பார்த்த. அப்புறம் அப்பாவுக்குக் கையாட்டின.

போனைத் தொறந்தேன். 'பனி அரண்மனை' நாம நிறுத்தின இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. மீதி பன்னிரண்டையும் பார்த்தேன். இப்பத்தான்க்கா பார்த்தேன். அம்மா போன்ல நெட்டு கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் "எழுதுடா"ன்னு கேட்டிருக்க. நானும் பெரிய கில்லாடி மாதிரி எழுதிக்கிட்டே போயிருக்கேன்.

நிஜ முடிவைச் சொல்லிர்றேன். நாற்பதாம் பகுதியில கொண்டைக்காரி அவன்கிட்டயே திரும்பிப் போறா. அவன் மறுபடி கையைப் புடிச்சு இழுக்கிறான். பனி கொட்டுது, பாட்டு போடுறான், எழுத்து ஓடுது. இதுக்கா நாற்பது பகுதின்னு எழுதினவனைத் திட்டலாம்னு வாயைத் தொறந்தேன். திட்ட வரலை. துண்டு நனைஞ்சுச்சு. ஒண்ணுதான், ரெண்டு இல்ல.

உன் போனை ரேணுகாக்காகிட்டக் குடுத்திருக்கேன். அது வீட்டுல இருக்கும், நீ கேக்குறப்ப எடுத்துத் தரும். மூணு மாசத்துக்கு ரீசார்ஜ் பண்ணியிருக்கேன். நீ கூப்பிட்டா வகுப்பு நடந்தாலும் எந்திரிச்சு வந்துருவேன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனா அந்த மாதிரி வசனத்தை நான் முன்னாடியே எழுதிட்டேன். நீ இனி நம்ப வேண்டாம். நம்பர் மட்டும் இருக்கட்டும்.

இன்னொண்ணு. பன்னிரண்டு பகுதியையும் ஒரு இடத்துலயும் ஓட்டாம பார்த்தேன், ஒரு வேளை வருவானோன்னு. குதிரையும் வரலை, கோட்டையும் வரலை. தம்பின்னு ஒருத்தன் அந்தக் கதையில எங்கயுமே இல்லக்கா.

சிவா