படத்தில் வெள்ளையாய் இருந்த கடல்

இன்று காலையும் அந்த வெள்ளைப் பட்டை வந்திருக்கிறது. கைத்தொலைபேசியின் காற்றுப் படத்தில், பருத்தித்துறைக்கு வடக்கே, ஒரு விரல் அகலத்தில் சாய்வாகக் கிடக்கிறது. அதன் இரண்டு பக்கமும் காற்றைக் காட்டும் சின்னச் சின்ன அம்புகள். நடுவில் ஒன்றுமில்லை. அதைக் கண்டவுடன் அலுமாரியைத் திறந்து, நீங்கள் காற்றும் அலையும் எழுதிவைத்த கடல் கொப்பியை எடுத்தேன். பூச்சி உருண்டை மணம் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை.

காலையும் பின்னேரமும் துறைமுக மேடையில் நின்று காற்றையும் அலையையும் பார்த்து எழுதிக் கொழும்புக்கு அறிவிப்பது உங்கள் உத்தியோகமாக இருந்தது. இளைப்பாறிய பிறகும், கண்மூடும் வரை நீங்கள் எழுதுவதை விடவில்லை. இப்போது அந்த வேலையைச் செய்மதி செய்கிறது. ஆகாயத்திலிருந்து கதிர்களை அனுப்பி, கடலின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்று பார்த்து, அங்கே வீசும் காற்றைக் கணிக்கிறதாம். உங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் முழுக்க அதைப் பற்றியே கதைத்திருப்பீர்கள்.

நம் மகன் கந்தோர் உத்தியோகத்துக்குப் போகவில்லை, படகு வாங்கினான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரியும். இந்தப் படத்தை அவன்தான் என் தொலைபேசியில் போட்டுத் தந்தான். "அம்மா, உந்த இங்கிலீசு உங்களுக்குத்தான் சரி. விடிய எழும்பிப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான். நான் கன்னியர் மடத்தில் படித்தவள், முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் படலையில் நின்று கேட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

போன செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பட்டையை முதல்முதல் கண்டேன். மேற்கே அம்புகள் நீளமாக, பலத்த காற்றென்று காட்டின, கிழக்கேயும் அப்படியே. நடுவில், எங்கள் படகுகள் போகிற இடத்தில், ஒரு அம்பும் இல்லை. "முனைக்கு வடக்காலை காத்தே இல்லை, தம்பி" என்று சொன்னேன். அவன் போனான். என் சொல்லைக் கேட்டு இன்னும் இரண்டு படகுகள் போயின.

எட்டு மணிபோல வாடைக்காற்று முருங்கை மரத்தைப் பிடித்து உலுப்பியது. கிணற்றடியில் கிடந்த வாளி உருண்டு வேலியில் போய் முட்டியது. நான் மறுபடியும் படத்தைத் திறந்தேன். அதே வெள்ளை, அதே அமைதி. பிறகுதான் படத்தின் அடியில் இருந்த சிறிய எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். செய்மதி ஒவ்வொரு முறையும் ஒரு நாடாவின் அகலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போகுமாம். இரண்டு நாடாக்களுக்கும் இடையில் விடுபட்ட கடல்தான் வெள்ளை. அங்கே காற்று இல்லை என்று அது சொல்லவில்லை. அங்கே பார்க்கவில்லை என்றுதான் சொன்னது.

வினாத்தாளின் குறிப்பை வாசிக்காமல் விடை எழுதிய எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

குடையும் எடுக்காமல், வீட்டுச் சேலையோடு கடற்கரைக்கு ஓடினேன். மற்றப் படகுக்காரன் ஒருவனின் மனைவி மரியம்மா அங்கே நின்றாள். என்னைக் கண்டதும், "ரீச்சர், நீங்களெல்லோ காத்தில்லை எண்டு சொன்னனீங்கள்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். செபமாலையும் வீட்டில். விரல்களிலேயே எண்ணிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் உங்கள் கொப்பிதான் ஞாபகத்துக்கு வந்தது. சண்டை நடந்த, கடற்கரைக்கு யாரையும் போகவிடாத காலம். மாதக்கணக்காக நீங்கள் முற்றத்தில் கதிரையைப் போட்டு, நேரம் தவறாமல், கடலில் காற்று: பார்க்கவில்லை, அலை: பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். நான் பொறுக்க முடியாமல், "காணாததை எழுத ஒரு கொப்பியோ? மண்ணெண்ணெய் விளக்கும் வீண், கொப்பியும் வீண்" என்று ஏசினேன். நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள்: "இஞ்சாரும், பாக்கேல்லை எண்டு நான் எழுதாட்டி, பிறகு பாக்கிறவன் அண்டைக்குக் கடல் சும்மா கிடந்தது எண்டெல்லோ நினைப்பான்." நான் சிரித்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விடை வேண்டும். தெரியாது என்ற சொல்லை வகுப்பில் யாரும் சொல்ல நான் விட்டதில்லை.

மத்தியானம் தாண்டித்தான் மூன்று படகுகளும் வந்தன. நம் மகனின் வலையில் பாதி கடலோடு போயிருந்தது. நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு, "படம் பிழைச்சுப் போச்சுப் போல, அம்மா" என்றான்.

"படம் பிழைக்கேல்லை. நான்தான் பிழை விட்டனான்." மரியம்மாவுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். அவள் முந்தானையால் புருஷனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலை அவன் வழமைபோலக் கேட்டான். "என்னம்மா, எப்பிடி?"

"எங்கடை பக்கம் தெரியேல்லை, தம்பி."

"அம்மாவுக்குத் தெரியாததும் உலகத்திலை இருக்கோ?" என்று பகிடி விட்டான். பிறகு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். "முனையடியிலை நிண்டு பாக்கிறன். ஒரு மாதிரி இருந்தால் திரும்பி வாறன்" என்று சொல்லிப் போனான். போகாதே என்று சொல்ல வாய் உன்னியது. அதுவும் எனக்குத் தெரிந்ததைப் போலச் சொல்கிற ஒரு பொய்தானே.

இப்போது பத்து மணி. முருங்கை அசைகிறது, ஆனால் உலுப்பவில்லை. அழைத்துப் பார்த்தேன், மகனுடைய தொலைபேசி எடுபடவில்லை. உங்கள் கொப்பியில் நீங்கள் கோடு கிழித்துவிட்டுப் போன பக்கங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. திகதி போட்டேன். வடக்கே காற்று: பார்க்கவில்லை. அலை: பார்க்கவில்லை. மூன்றாவது வரியில் மகனின் படகு என்று எழுதி நிறுத்தினேன். ஓரிடமும் வெறுமையாய் விடக்கூடாது என்பது உங்கள் சட்டம். பார்க்கவில்லை என்று அதற்கும் எழுதினேன். என் எழுத்து இவ்வளவு கோணலாக ஒருநாளும் இருந்ததில்லை.

கொப்பியை மூடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறேன். என் கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்குக் கீழே அடுத்த வரி.