ஆசா ராஜாவின் பாதங்கள்

என் அன்புக் கணவர் யெரோகாமுக்கு, எருசலேமிலிருந்து ஓக்லாள் எழுதுவது. கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவாராக. நானும் மகள் மில்காளும் நலமாக இருக்கிறோம்.

சுண்ணாம்பு வண்டிக்காரர் நாளைக் காலையில் மிஸ்பாவுக்குப் புறப்படுகிறார். அதனால் அவசரமாக எழுதுகிறேன். அறுப்புப் பண்டிகைக்கு வருவீர்கள் என்று மாவரைத்து வைத்துக் காத்திருந்தோம். நீங்கள் வரவில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. வண்டிக்காரரைக் கேட்டால், “நல்லாத்தாம்மா இருக்காரு. தண்ணித் தொட்டி ஏழு ஆள் ஆழம் போயிருச்சு” என்கிறார். நான் உங்களைப் பற்றிக் கேட்கிறேன், அவர் தொட்டியைப் பற்றிச் சொல்கிறார்.

கூரையில் மண் இளகியிருக்கிறது. மழைக்கு முன் மண் இறுக உருளைக்கல் ஓட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் உங்களோடு ராஜாவின் கல்வேலைக்காக மிஸ்பாவில் இருப்பதால் கேட்க ஆள் இல்லை. மில்காளும் நானும் ஏறி ஓட்டிப் பார்த்தோம். பாதிதான் முடிந்தது. இந்த வருடம் அத்தி நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்களுக்கு ஒரு சரம் காயவைத்து அனுப்புகிறேன்.

என் தம்பி சக்கூரைப் பற்றி எழுதினால் நீங்கள் கடிதத்தை மடித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் கூரையையும் அத்தியையும் முதலில் எழுதினேன். தயவுசெய்து மடிக்காதீர்கள்.

அவன் தொழுமரத்தில் மாட்டப்பட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. கால் இரண்டும் மரத்துளைக்குள்ளேயே இருக்கின்றன. அப்பமும் பயற்றங்கூழும் தினமும் நான்தான் கொண்டுபோகிறேன். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் என்ன திருடினானா, கொலை செய்தானா? இஸ்ரவேல் ராஜா ராமாவில் கோட்டை கட்டி நம் வழியை அடைத்தபோது, நம் ராஜா ஆசா கர்த்தருடைய ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் வழித்தெடுத்துத் தமஸ்குவின் ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டார். கர்த்தரை விட்டு அந்நியனை நம்பினீர் என்று தீர்க்கதரிசி அனானி வந்து சொன்னார். அவரைப் பிடித்துக் காவலில் போட்டார்கள். அரண்மனை எழுத்தனாக இருந்த சக்கூர் அந்த வார்த்தைகளை எழுதிக்கொண்டுபோய், ஊர் கூடுகிற மீன்வாசலில் நின்று படித்தான். அவ்வளவுதான். ராஜாவின் உப்பைத் தின்றவன் ராஜாவைச் சந்தியில் நிறுத்தினான் என்று நீங்கள் சொன்னீர்கள். பஸ்காவுக்கு வந்தபோதும் அதையே சொல்லிவிட்டு, விடைபெறாமல் போனீர்கள்.

இப்போது இன்னொரு செய்தி. ராஜாவின் பாதங்களில் நோய் என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்று மாளிகைக் கண்காணிப்பாளர் ஷேவா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். காவல் தலைவருடைய மாமியாரின் கால் புண்ணை நான் ஆற்றியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளையிலிருந்து நான் அரண்மனைக்குப் போக வேண்டும். “மருந்தைப் போடு, வாயைத் திறக்காதே. உன் தம்பி பேரு உன் வாயிலிருந்து வரவே கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கை ஓடவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசிக்கிறேன். அதுவும் பிடிபடவில்லை.

கர்த்தர் உங்கள் தலைக்கு மேல் உள்ள கல்லையெல்லாம் தாங்கிக்கொள்வாராக.

உங்கள் ஓக்லாள்.

*

என் கணவர் யெரோகாமுக்குச் சமாதானம் உண்டாவதாக.

இந்த முறையும் வண்டிக்காரர் வெறுங்கையோடுதான் வந்தார். ஆனால் அத்திச் சரத்தை நீங்கள் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். அதுவே போதும் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். மில்காளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. கவலை வேண்டாம்.

அரண்மனைக்குப் பன்னிரண்டு நாள் போயிருக்கிறேன். ராஜா ஜன்னலோரம் ஒரு கட்டிலில் கிடக்கிறார். கிடக்கிறார் என்று சொல்லவும் முடியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல்கிறார், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி கட்டிலுக்கு என்கிறார். இரண்டு பாதமும் வீங்கிக் கறுத்திருக்கின்றன. விரலிடுக்கில் புண். சூடு வைத்தாலும் அவருக்குத் தெரியவில்லை, துணி பட்டால் துடிக்கிறார். எகிப்திய வைத்தியர் ஒருவர் தன் தேவர்களை முணுமுணுத்தபடி களிம்பு பூசுகிறார். தீரு பட்டணத்து வைத்தியர் அதைத் துடைத்துவிட்டுக் காடி ஊற்றுகிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் போன பிறகு நான் கழுவி, கீலேயாத்துப் பிசின் வைத்துக் கட்டுகிறேன்.

முதல் நாளே என்னைப் பார்த்து, “நீயும் என்னை ஜெபம் பண்ணச் சொல்ல வந்தவளா?” என்று கேட்டார். புண்ணைக் கழுவ வந்தேன் என்றேன். “அப்போ கழுவு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெபம் பண்ணச் சொன்ன யாரோ ஓர் ஆலயத்து லேவியரை முந்தின வாரம் காவலுக்கு அனுப்பினார்களாம்.

இன்றைக்கு, என் புருஷன் யார், எங்கே என்று விசாரித்தார். மிஸ்பாவில் கல்வேலை என்றேன். மரேஷா யுத்தத்தில் அவர் கேடயம் பிடித்து நின்றவர் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே பயந்தேன். ராஜா தலையைத் தூக்கினார்.

“மரேஷாவிலயா? எந்தப் பக்கம்?”

ராஜாவின் தேருக்கு இடது பக்கம், ராஜாவின் குரல் கேட்கிற தூரம் என்றேன்.

“என்ன சொல்றான் உன் புருஷன்?”

நீங்கள் சாப்பாட்டு வேளையில் நூறு தரம் சொன்னதை அப்படியே சொன்னேன். பள்ளத்தாக்கு முழுக்க எத்தியோப்பியர் நின்றதை, நம் ஆட்கள் பின்னால் பார்த்துக்கொண்டதை, ராஜா தேரிலிருந்து இறங்கி மண்ணில் நின்று இரண்டு கையையும் விரித்ததை. “எங்ககிட்ட ஒண்ணுமில்ல கர்த்தாவே. உம்மை விட்டா எங்களுக்கு ஆளில்ல. உம்ம பேரை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்துட்டோம், கைவிட்டுராதேயும்” என்று அவர் கத்தியதை. அப்புறம் உங்கள் முழங்கால் நடுக்கம் நின்றுபோனதையும் சொன்னேன். அதைச் சொன்னதற்கு மன்னியுங்கள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. உன் புருஷன் ஒரு வார்த்தை விடாம வச்சிருக்கானே” என்றார். தனக்குத் தானே பேசுகிறவர் போல, “பெத்த தாய்னு பார்க்காம ராஜமாதாவையே பதவியிலிருந்து இறக்கினேன். அவ வச்ச விக்கிரகத்தைக் கீதரோன் ஓடையில வச்சு எரிச்சேன். யாருக்கும் பயப்படலையே நான் அப்போ” என்றார். உங்களுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். நான் சின்னவள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஷேவா சொன்னதை மறந்தேன். எழுத்தன் சக்கூர் என் தம்பி, அவனை விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து என் மடியெல்லாம் நனைந்தது. “இதுக்குத்தான் மரேஷா கதையெல்லாம் சொன்னியா?” என்றார். நான் தரையில் விழுந்து கிடந்தேன். கடைசியில், அருகில் நின்ற ஷேவாவைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார். “எந்த வாசல்ல நின்னு படிச்சானோ அதே வாசல்ல நின்னு, நான் படிச்சது பொய்னு சொல்லட்டும். அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

நாளைக்கு அப்பம் கொண்டுபோகும்போது சக்கூரிடம் இதைப் பேசப்போகிறேன். சொல்லிவிடு என்று அவன் காலைப் பிடிக்கப் போகிறேன். இது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம். எனக்கு ஏன் இல்லை என்று தெரியவில்லை. வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அடுப்பில் கூழ் அடிப்பிடித்துவிட்டது.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் சரி.

உங்கள் ஓக்லாள்.

*

என் கணவர் யெரோகாமுக்கு ஓக்லாள் எழுதிக்கொள்வது. உங்களுக்கும் உங்களோடு வேலைசெய்கிற எல்லோருக்கும் சமாதானம்.

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். மெல்லப் படித்தால் போதும்.

சக்கூரிடம் போனேன். ராஜா சொன்னதைச் சொன்னேன். அவன் சிரித்தான். “அக்கா, அவர் தமஸ்குவுக்குப் பொன்னு அனுப்பலைன்னு சொல்லணுமா, இல்ல அனானி அதைக் கேக்கலைன்னு சொல்லணுமா? எது பொய்னு கேட்டுட்டு வா, அதைச் சொல்றேன்” என்றான். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருடமாகத் தெருவில் என் முகத்தைப் பார்க்காமல் போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் பேசாமல் போனதையும் சொன்னேன். அவன் சிரிப்பு போய்விட்டது.

“சரி அக்கா. நீ சொல்லச் சொன்னா சொல்லிடறேன். எனக்குக் கால் மரத்துப்போச்சு, மனசும் மரத்துட்டா நல்லதுதான். ஆனா நீ உன் வாயால சொல்லு, பொய் சொல்லுடான்னு.”

யெரோகாம், என்னால் சொல்ல முடியவில்லை. வாய்வரைக்கும் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அரண்மனையில் புண்ணைச் சுற்றிய துணியை அவிழ்த்தபோது ராஜாவே கேட்டார். அவன் மாட்டேன் என்கிறான் என்று சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அடிவிழும் என்று குனிந்தேன். விழவில்லை. தன் பாதத்தைப் பார்த்தபடி, “அனானி எப்படி இருக்கார்?” என்று கேட்டார். தன் ஆட்கள் முன் அவரைக் கிழவன், பித்தன் என்றுதான் சொல்வார். அன்றைக்கு வாய்தவறி மரியாதை வந்துவிட்டது.

சக்கூருக்குப் பக்கத்துத் தொழுமரத்தில் உயிரோடு இருக்கிறார், ஆனால் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை என்றேன்.

“இது ஆறுமா? நெஜத்தைச் சொல்லு” என்று தன் காலைக் காட்டினார்.

என் மருந்தில் ஆறாது, ராஜாவே என்றேன்.

“வேற எதுல ஆறும்?”

நான் பழைய துணியைச் சுருட்டி வைத்தேன். அவருக்குத் தெரியாததா? அவர் ஷேவாவையும் மற்றவர்களையும் வெளியே போகச் சொன்னார். கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். பாதம் தரையில் பட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார். “அன்னைக்கு நான் எப்படி ஆரம்பிச்சேன்?”

எங்களிடம் ஒன்றுமில்லை, கர்த்தாவே என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

அவர் வாய் திறந்தது. அடுத்த வார்த்தை வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அப்போது முற்றத்தில் யாரோ குதிரையிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் கையை மூடிக்கொண்டார். “போதும். எகிப்து வைத்தியனைக் கூப்பிடு” என்றார். இனி நீ வர வேண்டாம் என்றும் சொன்னார். நான் வாசலைத் தாண்டும்வரை அவர் தலை நிமிரவில்லை.

இதோடு எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சாயங்காலம் ஷேவா ஆள் அனுப்பினார். குப்பைமேட்டு வாசல் பக்கம் வந்து உன் தம்பியைக் கூட்டிப்போ, யாரிடமும் சொல்லாதே என்று செய்தி. பொய் சொல்லவும் வேண்டாம், ஒன்றும் சொல்லவும் வேண்டாம். தீர்க்கதரிசியை விடவில்லை. அவரை விட்டால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே. அவ்வளவு தூரம் போக ராஜாவால் முடியவில்லை. முடிந்த தூரம் வந்திருக்கிறார்.

அவர் நல்லவரா, கெட்டவரா என்று நான் இப்போது யோசிப்பதை விட்டுவிட்டேன். நீங்கள் பார்த்த ராஜா பொய்யில்லை. சக்கூர் பார்த்த ராஜாவும் பொய்யில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். நான் அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவருக்காக வேண்டிக்கொள்ள முயற்சி செய்கிறேன், எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள் அவர் பக்கத்தில் நின்றவர். உங்களுக்கு வரும். வேலைக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

சக்கூர் இப்போது நம் வீட்டில் இருக்கிறான். அவனால் நிற்க முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கழுதைமேல் வைத்துக் கொண்டுவந்தோம். மில்காள் முதலில் பயந்து ஒளிந்துகொண்டாள். இப்போது அவன் கையைப் பிடித்துத் தன் பெயரை எழுதப் பழகுகிறாள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் முடித்துவிடலாம் என்று இரண்டு தரம் பார்த்தேன். அவனைக் கழுதையிலிருந்து இறக்கியபோது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான். “அத்தான் சம்மதிச்சாரா? அவர் வீடு அக்கா இது” என்று கேட்டான். நீங்களே ஆள் அனுப்பி உள்ளே கூட்டிவரச் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். அவன் அழுதான். மூன்று வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

கூடாரப் பண்டிகைக்கு நீங்கள் வர வேண்டும். வரும்போது தெருவில் நின்று என் பெயரைக் கூப்பிட வேண்டாம், மகளையும் கூப்பிட வேண்டாம். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று நினைத்தாலும் சரி, அவன் முன் என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களை வழியெல்லாம் காத்து வீடு சேர்ப்பாராக.

உங்கள் ஓக்லாள்.