வில்லியனூர் மாடியில் பெய்யாத மழை

என் தங்க ராசாத்தி தேன்மொழி,

மாமா எழுதுகிறேன். சங்கராபரணி ஆற்றுக்குச் சக்கரவர்த்தி, வில்லியனூர் மாடிக்கு மகாராஜா என்று கிண்டல் செய்வாயே, அதே ஆசாமிதான். கிரீடத்தை இறக்கிவைத்துவிட்டேன். ஏன் என்று நாலு பேரும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

செஞ்சி மலையிலிருந்து நோணாங்குப்பம் வரை மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினியில் இரண்டு விதமாகக் கணக்கிட்டாய். ஒன்றில் ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து வரும் மொத்த நிலமும் ஒரே அண்டா. எல்லா இடத்து மழையையும் சராசரியாக்கி அதில் ஊற்றினாய். மற்றொன்றில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் மண், சரிவு, மழை. கட்டங்கள்தான் ஜெயிக்கும் என்று எத்தனை நம்பிக்கை உனக்கு.

அதற்காக என் மாடியிலும் ஒரு மழைமானி வைத்தாய். தினமும் காலை எட்டரைக்கு அளந்து உனக்குப் போனில் சொல்வது என் வேலை. நான் சொன்னது என்ன? பன்னிரண்டு மில்லிமீட்டர் பெய்தால் முப்பது. ஊரே நனைந்த நாளில் என் மாடியில் மட்டும் குறைந்தால் என் கௌரவம் என்னாவது?

"நெசமாவா மாமா?" என்பாய்.

"வருண பகவான் எம் மாடியிலதான் குடும்பம் நடத்துறாரு. வேணும்னா அவரையே கேளு."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாய்.

உன் கடைசி வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னாய்: "கட்டம்லாம் தோத்துப்போச்சு மாமா. அண்டாதான் ஆத்தோட ஒத்துப்போவுது."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பேன்?

போன வாரம் சாரம் பகுதியிலிருந்து நிர்மலா வந்தாள், உன்னோடு வேலை பார்த்தவள்.

"வில்லியனூர்க் கட்டத்துல மட்டும் தண்ணி எகிறுது ஐயா. அண்டாவுல அது சராசரில கரைஞ்சிடுது. கட்டத்துல கரையாம அப்படியே நிக்குது. உங்க அளவு சரிதானா? தேன்மொழியக் கேட்டதுக்கு, 'எங்க மாமா எதுல வேணா கதை விடுவாரு, இதுல விடமாட்டாரு'ன்னா."

"பொய்ம்மா. எல்லாம் கூட்டிச் சொன்னது" என்றேன்.

"எவ்ளோ கூட்டுனீங்க?"

எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வாய்க்கு வந்த அளவு. உண்மையில் பெய்த மழை எந்த நோட்டிலும் இல்லை. கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் அளவுகளை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கிறாளாம். கட்டங்கள் ஜெயித்தால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? தோற்றதாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டாயே அம்மாடி.

இன்று காலை எட்டரைக்கு மாடி ஏறினேன். வானம் இருட்டிக்கொண்டு நின்றது, மானியில் ஒரு சொட்டு இல்லை. பழக்கதோஷம், பேனா ஒரு கணம் தயங்கியது. பூஜ்யம் என்றே எழுதினேன். மூச்சு இருக்கும்வரை, இருப்பதைத்தான் எழுதுவேன், ராசாத்தி.

நீ நம்பிய,
உன் தாய்மாமன்