ஆர்.சி. கார்டில் இருந்த என் வீட்டு விலாசம்

14 நவம்பர், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மா நிற்கிறார். கையில் ஒரு பைக்கின் ஆர்.சி. கார்டு. அதில் மார்ட்டின் பேர், கீழே என் வீட்டு விலாசம்.

மார்ட்டின் மகாபலிபுரத்தில் பீச் லாட்ஜில் தங்கியிருந்தவன். என் கடையில் டீ குடிப்பான். பழைய பைக் ஒன்று வாங்கினான். செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் ஒருவன் என்னிடம் வந்தான். "பாய், பாரின்காரன் பேர்ல வண்டிய மாத்தணும்னா லோக்கல் அட்ரஸ் வோணும். உன் வூட்ல வாடகைக்கு கீறான்னு ஒரு அக்ரிமெண்ட் போட்டுக் குடேன்." யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

போன மாசம் மார்ட்டின் லடாக் ரோட்டில் அந்த பைக்கோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். மகன் குடியிருந்த வீடு என்று நம்பி அவன் அம்மா இங்கே வந்திருக்கிறார்.

எந்த ரூம் என்று கேட்டார். உண்மை வாய்வரை வந்தது. மாடியில் என் பையன் யூசுப்பின் ரூமைக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தார். அவன் வாசனை அப்படியே இருக்கிறது என்று சொல்லி அழுதார்.

என் பெண்டாட்டி சபீனா என்னைத் தனியாக இழுத்தாள். "இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அது நம்ம புள்ள தலகாணி."

இந்த ஒரு ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். சரி என்றேன்.

காலேஜிலிருந்து வந்த யூசுப்பை ஹாலில் படுக்கச் சொன்னேன். "ஏன் அத்தா?" என்றான். பாயை விரித்துக் கொடுத்தேன்.

தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.